ஜெர்மன் முன்னோரைத் தேடுகிறோம்: ஊரின் பெயரே மாறிப்போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

வைகைமகள்:
வணக்கம் எல்லாருக்கும். நான் இருப்பது ஜெர்மனியின் கெல்சென்கிர்ஹெனில், வீட்டுக்காரர் ஜெர்மானியர். என் பக்கத்து வம்சக் கதையைப் பிள்ளைகள் அம்மாச்சியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அப்பா பக்கத்தைக் கேட்டால் தாத்தாவின் தாத்தாவோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் நானே தேட உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் வழி ரைன் நதிக்கு மேற்கே ஃபியர்சென் பக்கம், கத்தோலிக்கர்கள், பரம்பரையாக நெசவு. மாமனார் வழி கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு இங்கே வந்த மசூரியா பகுதி ஆட்கள், லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபை. கையில் இருப்பது ஒரே காகிதம், மாமனாருடைய தாத்தாவின் 1903 கல்யாணச் சான்றிதழ். மாப்பிள்ளை பிறந்த இடத்தில் ஒரு கிராமத்தின் பெயரும் "ஓர்ட்டெல்ஸ்புர்க் மாவட்டம்" என்பதும் இருக்கிறது. அந்தக் கிராமமும் இன்றைய வரைபடத்தில் இல்லை, ஓர்ட்டெல்ஸ்புர்க்கும் இல்லை. பணம் கட்டும் தளம் ஒன்றில் குடும்பப் பெயரைப் போட்டால் பட்டியல் முடிவில்லாமல் போகிறது. எதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்க?

ஏடுதேடி:
சகோதரி, குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஜெர்மனியில் பதிவேடு என்பது ஊரோடு கட்டுண்டது. நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம், ஒரே அட்டவணை என்று எதுவும் கிடையாது. 1871 வரை ஜெர்மனி என்ற ஒரே அரசே இல்லையே, பிரஷ்யா தனி, பவேரியா தனி, சாக்ஸனி தனி. ஆகவே மூன்று விஷயம் தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்: எந்த ஊர், எந்த மதப் பிரிவு, எந்த வருஷம். உங்களுக்கு மூன்றுமே கையில் இருக்கிறது, அது பெரிய விஷயம்.

வருஷக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்யாவில் அரசுப் பதிவு அலுவலகம், அதாவது ஸ்டாண்டெஸ்அம்ட், 1874 அக்டோபர் 1இல் தொடங்கியது. ஜெர்மனி முழுவதற்கும் 1876 ஜனவரி 1. அதற்கு முந்தைய பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பெரும்பாலும் தேவாலயப் பதிவேட்டில்தான். உங்கள் மாமியார் ஊர் இதற்கு விலக்கு. ரைனுக்கு மேற்கே பிரெஞ்சு ஆட்சி இருந்ததால் அங்கே 1798இலேயே அரசுப் பதிவு வந்துவிட்டது.

இப்போது அந்த 1903 காகிதம். அது சான்றிதழ் மட்டும்தான், சுருக்கம். உங்களுக்கு வேண்டியது பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகல். அதில் மாப்பிள்ளை பெண் இருவருடைய பெற்றோர் பெயர், தொழில், அப்போது எந்த ஊரில் குடியிருந்தார்கள், சாட்சிகளின் பெயர் வயது எல்லாம் இருக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பல நேரம் அண்ணன் தம்பியோ மச்சானோதான் வந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 2009இல் வந்த சட்டப்படி பிறப்புப் பதிவு 110 வருஷம், கல்யாணம் 80, இறப்பு 30 வருஷம் ஆனதும் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுகிறது, அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1903 கல்யாணம் என்பதால் நகர ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது, பஸ்ஸில் போய்விடலாம்.

வைகைமகள்:
அண்ணா, மிக்க நன்றி. அந்த வருஷக் கெடு முடியாத பதிவு என்றால்? மாமனாருடைய அப்பா பிறந்தது 1920களில்.

ஏடுதேடி:
நேர் வாரிசு கேட்டால் தருவார்கள். உங்கள் பெயரில் கேட்காமல் வீட்டுக்காரர் பெயரில் எழுதுங்கள், அவருடைய பிறப்புச் சான்று, அவர் அப்பாவுடையது என்று உறவுச் சங்கிலியைக் காட்டும் நகல்களைச் சேர்த்து வையுங்கள்.

பழுப்புத்தாள்:
ஓர்ட்டெல்ஸ்புர்க் பற்றி நான் சொல்கிறேன், அந்தப் பக்கம்தான் நான் அதிகம் தேடியிருக்கிறேன். அது இன்று போலந்தில் ஷ்சிட்னோ என்ற ஊர். 1945க்குப் பிறகு கிழக்குப் பிரஷ்யாவின் தென்பாதி போலந்துக்கும் வடபாதி சோவியத் யூனியனுக்கும் போனது, ஊர்ப் பெயரெல்லாம் மாறின. ஆனால் மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. போலிஷ், லித்துவேனியப் பெயர் மாதிரி ஒலித்த ஊர்களுக்கு 1938இல் நாஜி அரசு கூண்டோடு புது ஜெர்மன் பெயர் வைத்தது. பில்கல்லென் என்ற ஊர் 1938இல் ஷ்லாஸ்பெர்க் ஆனது, போருக்குப் பின் டோப்ரோவோல்ஸ்க், இன்று ரஷ்யாவில் இருக்கிறது. மார்க்ராபோவாவை 1928இலேயே த்ரோய்புர்க் ஆக்கினார்கள், இன்று அது போலந்தின் ஒலெட்ஸ்கோ. அதனால் ஒரே கிராமத்துக்கு மூன்று பெயர் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

1912இல் வெளிவந்த மையர்ஸ் ஊர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சிற்றூருக்கும் எந்த மாவட்டம், எந்த ஸ்டாண்டெஸ்அம்ட் என்று அதில் போட்டிருக்கும். சின்னக் கிராமம் என்றால் அலுவலகமும் தேவாலயமும் பக்கத்து ஊரில்தான் இருக்கும், சேகரம், அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லை, ஒன்றில் பல கிராமங்கள் அடங்கும். பெயர் மாற்றங்களுக்கு ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர் சங்கமான காம்ப்ஜென் நடத்தும் ஜி.ஓ.வி. பட்டியலைப் பாருங்கள், பழைய பெயர் புதுப் பெயர் இரண்டையும் கோத்துக் காட்டும்.

அப்புறம், புத்தகங்கள் ஒரே இடத்தில் இல்லை. போரில் எரிந்தவை நிறைய. தப்பியவற்றில் கிழக்கு மாகாணங்களின் லூத்தரன் புத்தகங்கள் பலவும் பெர்லினில் உள்ள திருச்சபை மைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கொஞ்சம் லைப்சிக்கில். கத்தோலிக்கப் புத்தகங்கள் ரேகன்ஸ்புர்க் மறைமாவட்டக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, பிறகு போலந்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரசுப் பதிவேடுகளைப் போலந்தின் ஓல்ஷ்டின் காப்பகம் வருடி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பெர்லினில் முதலாம் ஸ்டாண்டெஸ்அம்ட் என்று ஒன்று உண்டு, கிழக்கிலிருந்து தப்பி வந்த ஏடுகள் அங்கேயும் சேர்ந்தன, பழையவை பெர்லின் மாநிலக் காப்பகத்துக்கு மாறிவிட்டன. இத்தனை இடத்தில் சிதறிக் கிடந்தாலும் நம்பிக்கையை விடாதீர்கள். ஒரு கிராமத்தின் 1874 முதல் 1880 வரை மட்டும் தப்பியிருந்தாலும் அந்த இறப்புப் பதிவில் 1800ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் பெற்றோர் பெயர் கிடைக்கும்.

நெடுந்தீவான்:
தங்கச்சி, மாமியார் பக்கத்துக்கு நான் சொல்லுறன். என்ர மகள் கிரேஃபெல்டில கலியாணம் முடிச்சவ, மருமகன் பக்கத்தைத் தேடப் போய்த்தான் இதெல்லாம் பழகினது.

ரைனின் மேற்குக் கரை உண்மையிலே கொடுத்து வைத்த இடம். 1798 தொடங்கி அரசுப் பதிவு, அதுவும் பத்து வருடத்துக்கு ஒரு பெயர் அட்டவணை தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையை எடுத்தால் ஒரு ஊரின் முழுப் பத்து வருடத்தையும் மாலைக்குள் பார்த்து முடிக்கலாம். புத்தகங்கள் டூயிஸ்புர்க்கில் இருக்கிற மாநில ஆவணக் காப்பகத்தில்.

எல்லாரும் தவற விடுகிற ஒன்று உண்டு, கல்யாணத்துக்குக் கொடுத்த இணைப்புக் காகிதங்கள். நெப்போலியன் சட்டப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கள் பிறப்புச் சாட்சியம், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சாட்சியம், பெற்றோர் இருவரும் இல்லையென்றால் பாட்டன் பாட்டியின் இறப்புச் சாட்சியம் வரைக்கும் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்டு தப்பியிருந்தால் ஒரே கல்யாணத்தில் மூன்று தலைமுறை கையில் வந்து விழும். ஆகவே 1820, 1830களில் நடந்த கல்யாணத்தைத் தேடுங்கோ, அதிலிருந்து 1700களின் நடுப்பகுதிக்கே போகலாம்.

ஆனால் 1805 முடியும் வரை தேதிகள் பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டியில் இருக்கும், எழுத்தும் பிரெஞ்சு. "எட்டாம் ஆண்டு தெர்மிடோர் 12" என்று கிடந்தால் அது 1800 ஜூலை 31. மாற்றித் தருகிற கணிப்பான்கள் இணையத்தில் இருக்கு, பயப்பட வேண்டாம்.

1798க்கு முந்திய தேவாலயப் புத்தகங்களைப் பிரெஞ்சுக்காரர் பங்குகளிடமிருந்து வாங்கி அரசு நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார். அரசுக் காப்பகத்திலோ நகரக் காப்பகத்திலோதான் கேட்க வேணும்.

சிகாகோசெல்வி:
இந்த இழையைப் பார்த்ததும் மனசுக்கு இதமாக இருக்கிறது. என் கணவரின் முன்னோர் 1880களில் அமெரிக்கா வந்தவர்கள். இங்கே மக்கள்தொகைக் கணக்கில் "பிரஷ்யா" என்று ஒற்றை வார்த்தை, ஊர் இல்லை. கப்பல் பட்டியலில் கிடைக்குமா?

ஏடுதேடி:
ஹாம்புர்க் துறைமுகத்தில் ஏறியிருந்தால் வாய்ப்பு அதிகம். 1850 முதல் 1934 வரையான பயணிகள் பட்டியல் தப்பியிருக்கிறது, பல வருஷங்களுக்கு எந்த ஊரிலிருந்து வந்தார் என்றும் போட்டிருக்கும். பிரேமன் வழியாகப் போயிருந்தால் கஷ்டம். அந்த ஊர்க்காரர்கள் இடம் போதவில்லை என்று பழைய பட்டியல்களை அவ்வப்போது அழித்தார்கள், மிச்சம் போரில் போனது. 1920க்குப் பிந்தியதில் ஒரு பகுதிதான் இருக்கிறது. எத்தனை லட்சம் பேர் ஏறிய துறைமுகம், நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆனால் அமெரிக்காவிலேயே ஒரு வழி இருக்கிறது. அவர்கள் போன ஜெர்மன் மொழிச் சபையின் பதிவேட்டைப் பிடியுங்கள். ஆங்கில அலுவலர் "பிரஷ்யா" என்று எழுதிவிட்டுப் போன இடத்தில், அந்த மண்ணிலிருந்து வந்த போதகர் பல நேரம் கிராமத்தின் பெயரையே எழுதியிருப்பார். கல்யாணம், அடக்கம் இரண்டையும் பாருங்கள். ஒருவரோடு நிற்காமல் கூடப் பிறந்தவர்கள் எல்லாருடைய பதிவையும் பாருங்கள். ஐந்து பேரில் ஒருவருக்காவது ஊர் எழுதியிருக்கும்.

அமுதன்:
கையெழுத்து பற்றி யாரும் பேசவில்லையே. குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தை இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே வாசித்துவிடுகிறது, ட்ரான்ஸ்கிரிபுஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, படத்தைப் போட்டால் எழுத்தாகத் தந்துவிடும். எதற்கு மெனக்கெட்டுப் படிக்க வேண்டும்?

ஏடுதேடி:
ட்ரான்ஸ்கிரிபுஸ் நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். சீரான கையெழுத்தில் ஓடுகிற வாக்கியங்களை நன்றாகவே வாசிக்கிறது. நமக்கு வேண்டியதோ ஆள் பெயரும் ஊர்ப் பெயரும், அவற்றில்தான் அது தடுமாறுகிறது, ஏனென்றால் பெயருக்கு முன்பின் வாக்கியம் கை கொடுக்காது. ஒரு எழுத்து மாறினால் வேறு குடும்பத்தின் மரத்தில் ஏறிவிடுவீர்கள். அதனால் எழுத்தைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்வது நல்லது, அவ்வளவு கடினமில்லை. குர்ரென்ட்டில் e எழுத்து n மாதிரி இருக்கும், u எழுத்தின் தலையில் ஒரு வளைவு போடுவார்கள், s எழுத்துக்கு நீள வடிவம் உண்டு. முதலில் தேடும் குடும்பப் பெயரை நீங்களே குர்ரென்ட்டில் எழுதிப் பாருங்கள், கண் அந்த வடிவத்துக்குப் பழகிவிடும்.

இன்னொன்று, ஒரே போதகர் எழுதிய பக்கங்களைத் தொடர்ந்து வாசியுங்கள். உங்களுக்கு வேண்டாத பதிவானாலும் வாசியுங்கள். அவர் எதைச் சுருக்குவார், மாதத்தை எப்படி எழுதுவார் என்று பிடிபட்டதும் உங்கள் குடும்பப் பதிவு தானாகத் திறக்கும். கத்தோலிக்கப் புத்தகம் பெரும்பாலும் லத்தீன், ஆனால் வாய்பாடு மாதிரி அதே இருபது முப்பது வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

பழுப்புத்தாள்:
இதோடு சேர்த்து: எழுத்துக்கூட்டல் நிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். போதகர் காதில் விழுந்ததை எழுதினார். மசூரியாவில் வீட்டுமொழி போலிஷ் சாயல், எழுதுபவர் ஜெர்மன், அதனால் ஒரே ஆள் தன் கல்யாணத்தில் ஒரு மாதிரி, பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருப்பார்.

ஞானப்பெற்றோர் பெயர்களைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அத்தை, மாமா, முதலாளி, பக்கத்துப் பண்ணைக்காரர் என்று அந்தக் குடும்பம் யாரோடு பழகியது என்பது அங்கே தெரியும். ஊரில் ஒரே பெயரில் இரண்டு யோஹான் இருந்தால் எந்த யோஹான் உங்களுடையவர் என்று பிரித்துச் சொல்வதும் அதுதான். பிள்ளை இறந்தால் அடுத்து பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பிறப்பைப் பார்த்தவுடன் "கிடைத்துவிட்டது" என்று மூடாமல், அந்தப் பிள்ளை குழந்தையிலேயே இறந்ததா என்று அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். பல மரங்கள் இந்த இடத்தில்தான் தப்பாகப் போகின்றன.

நெடுந்தீவான்:
பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. வெஸ்ட்ஃபாலியா பக்கம் பண்ணைக்குத்தான் பெயர், ஆளுக்கு இல்லை. வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவர் மனைவியின் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார், பிள்ளைகளுக்கும் அதுதான். ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்தில் தகப்பன் பெயரையே பிள்ளைக்குப் பின்பெயராகப் போட்டார்கள், எங்கட ஆட்களைப் போலவே. நெப்போலியன் ஆட்சி 1811இல் நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. எந்தப் பகுதி என்று தெரியாமல் பெயரைத் துரத்தினால் இதனால்தான் நூல் அறுகிறது.

மருதாணி:
முதல் முறை எழுதுகிறேன். என் கணவர் பவேரியா, பாஸௌ பக்கம். மட்ரிகுலா தளத்தில் பாஸௌ மறைமாவட்டப் புத்தகங்கள் இலவசமாகவே இருக்கின்றன, அதில் அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா 1850களில் பிறந்த பதிவைப் பார்த்தோம். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று எழுதியிருக்கிறது. மாமியாருக்கு இதைச் சொல்லவா வேண்டாமா என்று தயக்கமாக இருக்கிறது.

ஏடுதேடி:
சொல்லுங்கள், ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பவேரியாவில் 1868 வரை ஊராட்சி அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்ய முடியாது. நிலமோ தொழிலோ காட்ட முடியாத கூலி ஆட்களுக்கும் பண்ணை வேலையாட்களுக்கும் ஊர் அனுமதி மறுத்தது, நாளைக்கு ஏழைகளின் பாரம் ஊர் தலையில் விழும் என்ற பயம். மனதார ஒன்றாக இருந்த ஜோடிகளுக்கே பல வருஷம் கல்யாணப் பாக்கியம் கிடைக்கவில்லை. அதனால் அங்கே இப்படிப் பிறந்த பிள்ளைகள் மிக அதிகம். பிறகு அதே பெற்றோர் கல்யாணம் செய்திருந்தால் பக்க ஓரத்தில் பின்னால் ஒரு குறிப்பு சேர்த்திருப்பார்கள், அதைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்ணின் அடுத்தடுத்த பிள்ளைகளையும் ஞானப்பெற்றோரையும் வரிசையாகப் பாருங்கள்.

மருதாணி:
ஓரத்தில் ஏதோ கிறுக்கல் மாதிரி இருந்தது, நாங்கள் கவனிக்கவே இல்லை. இன்றைக்கே பார்க்கிறேன், நன்றி ஐயா.

வைகைமகள்:
ஒரு முன்னேற்றம். நகரக் காப்பகத்திலிருந்து 1903 பதிவின் முழுப் பக்கமும் வந்துவிட்டது, மாப்பிள்ளையின் அப்பா அம்மா பெயர் இருக்கிறது, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது! அதோடு மாமியார் பரணில் இருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார், ஆனென்பாஸ் (முன்னோர் ஏடு) என்று அட்டையில் போட்டிருக்கிறது, கழுகுச் சின்னம். உள்ளே பாட்டன் முப்பாட்டன் வரை தேதியும் தேவாலய முத்திரையும் இருக்கின்றன. மாமியார் அதைக் கையில் கொடுக்கும்போதே முகம் வாடிவிட்டது. இதைப் பயன்படுத்தலாமா?

பழுப்புத்தாள்:
அவர் முகம் வாடியதற்குக் காரணம் இருக்கிறது. 1933 ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டம் யூதர்களை அரசு வேலையிலிருந்து துரத்தியது, "ஆரியர்" என்று நிரூபிக்கச் சொன்னது. 1935 நியூரம்பெர்க் சட்டங்களுக்குப் பிறகு இந்த நிரூபணம் வாழ்க்கையின் எல்லா இடத்திலும் நுழைந்தது. சாதாரண ஆட்கள் பாட்டன் பாட்டி வரை காட்ட வேண்டும், நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர 1800 வரை. தேவாலய அலுவலகங்களில் ஜனங்கள் வரிசையில் நின்று இந்தப் புத்தகத்தை நிரப்பினார்கள். நாம் ஆசையாகப் புரட்டும் அதே ஏடுகளை வைத்து யார் வாழலாம், யார் வாழக் கூடாது என்று பிரித்தார்கள்.

அரசுப் பதிவேட்டின் ஓரங்களிலும் அந்தத் தடம் இருக்கிறது. 1939 ஜனவரி முதல் யூத ஆண்கள் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் கூடுதல் பெயர் சுமக்க வேண்டும் என்று உத்தரவு. 1880இல் பிறந்தவருடைய பிறப்புப் பதிவிலும் அதைக் கொண்டுபோய் எழுதினார்கள். போருக்குப் பின் அது செல்லாது என்று இன்னொரு குறிப்பு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். பார்க்கும்போது கை நடுங்கும், பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள், குறித்து வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு: பயன்படுத்துங்கள். மூலப் புத்தகம் எரிந்திருந்தால் முத்திரை குத்திய அந்த நகல்தான் மிஞ்சிய ஒரே சாட்சி. ஆனால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பயத்தில் நிரப்பிய காகிதம் அது, சங்கடமான உறவை மறைத்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டும்போது அது எதற்காக எழுதப்பட்டது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

வைகைமகள்:
சொல்கிறேன். மாமியாரிடமும் உட்கார்ந்து பேசினேன், அவர் அப்பா இதை நிரப்ப எத்தனை ஊருக்குக் கடிதம் போட்டார் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

அமுதன்:
ஒரு சந்தேகம். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகளையும் இதே மாதிரி பின்னோக்கித் தேடலாமா?

ஏடுதேடி:
தாராளமாக. சீகன்பால்க் 1682இல் சாக்ஸனியின் புல்ஸ்நிட்ஸில் பிறந்தவர், 1706இல் தரங்கம்பாடி வந்தார். தஞ்சாவூரில் 1798இல் இறந்த ஸ்வார்ட்ஸ் பிறந்த ஊர் அன்றைக்கு பிராண்டன்புர்க்கின் சோனென்புர்க், இன்றைக்கு போலந்தின் ஸ்வோன்ஸ்க். மேலே சொன்ன ஊர்ப் பெயர்ச் சிக்கல் இங்கேயும். அந்த மிஷனின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலே நகரில் ஃப்ராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. தனி இழை போடுங்கள், எழுத நிறைய இருக்கிறது.

சிகாகோசெல்வி:
கூடுதலாக ஒன்று கேட்கிறேன். மற்றவர்கள் இணையத்தில் போட்ட குடும்ப மரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? ஒருவர் எங்கள் வழியை 1500கள் வரை கொண்டுபோயிருக்கிறார்.

பழுப்புத்தாள்:
பதிவேட்டுப் பக்கம் காட்டாத எதையும் எடுக்காதீர்கள். முப்பது வருடப் போர், 1618 முதல் 1648 வரை, எத்தனையோ ஊர்களின் புத்தகங்களை எரித்துவிட்டது. சாதாரணக் குடியானவர் குடும்பம் 1650ஐத் தாண்டிப் போனாலே அதிர்ஷ்டம். கத்தோலிக்கர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னதே 1563இல் திருச்சபையின் டிரென்ட் பொதுச்சங்கம்தான், பல பங்குகளில் அது வழக்கத்துக்கு வர இன்னும் நூறு வருடம் ஆனது.

புத்தகம் எரிந்த ஊர் என்றால் இரண்டாம் பிரதியைக் கேளுங்கள். 1794இல் வந்த பிரஷ்யச் சட்டம் தேவாலயப் பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து நீதிமன்றத்தில் கொடுக்கச் சொன்னது. அரசுப் பதிவேட்டுக்கும் இரண்டாம் பிரதி உண்டு.

வைகைமகள்:
ஓல்ஷ்டின் தளத்தில் அந்த ஸ்டாண்டெஸ்அம்ட்டின் பிறப்புப் பதிவேடு இருக்கிறது. மாப்பிள்ளையின் தம்பி 1879இல் பிறந்த பதிவே கிடைத்துவிட்டது, அப்பாவின் தொழில் லோஸ்மான் என்று வாசிக்கிறேன், கையெழுத்துக்குப் பதில் மூன்று சிலுவைக் குறி போட்டிருக்கிறார். அது என்ன தொழில்? மாப்பிள்ளை பிறந்தது 1874 பிப்ரவரி என்பதால் அது தேவாலயப் புத்தகத்தில்தானே இருக்கும்? ஆர்கியோன் தளத்துக்குப் பணம் கட்டலாமா?

பழுப்புத்தாள்:
லோஸ்மான் என்றால் சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் வீட்டில் வாடகைக்கு ஒண்டி, கூலிக்குப் போகிறவர். எழுதத் தெரியாததால் குறி போட்டிருக்கிறார், அலுவலர் பக்கத்திலேயே அவர் பெயரை எழுதிச் சான்று கொடுத்திருப்பார். இப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு வருஷம் பண்ணை மாறுவார்கள், அதனால் அண்ணன் தம்பி வேறு வேறு ஊரில் பிறந்திருந்தால் குழம்பாதீர்கள்.

ஆம், 1874 பிப்ரவரி தேவாலயப் புத்தகம்தான். ஆர்கியோனில் பெர்லின் காப்பகத்தின் கிழக்கு மாகாணப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தச் சேகரத்துக்கு எந்த வருஷம் இருக்கிறது என்ற பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். முதலில் உங்கள் சேகரம் 1874க்கு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மட்டும் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் என்னென்ன பக்கம் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அந்த 1879 பக்கத்தின் படத்தை இங்கே போடுங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1903 பதிவில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம்.